தாளிப்பு நெடி பட்டாலே இருமல்!

கேள்வி: வயது 48. பள்ளி ஆசிரியை. ஓராண்டுக்கு முன் வந்த சளிக்காய்ச்சலுக்குப் பிறகு வறட்டு இருமல் விடவே இல்லை. எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, ஊதிப் பார்க்கும் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கின்றன. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினாலும், தாளிப்பு நெடி பட்டாலும் தொண்டை கரகரத்து இருமல் பிடித்துக்கொள்கிறது. தொண்டை நரம்புக் கோளாறு என்று மருத்துவர் காபாபென்டின் எழுதிக் கொடுத்தார். அது வலிப்பு மாத்திரையாமே, சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். வலிப்புக்கும் தரப்படும் மாத்திரைதான் அது. ஆனால் உங்களுக்கு வலிப்பு இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை. தேவையில்லாமல் துடிக்கும் நரம்பை அடக்குவது அதன் வேலை. அக்கி ஆறிய பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலிக்கும் இதையே தருகிறோம்.

குரல்வளையின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுபோவது வேகஸ் நரம்பின் கிளைகள். வைரஸ் காய்ச்சலில் அவை பாதிக்கப்பட்டால், காய்ச்சல் போன பிறகும் உணர்வு மிகையாகவே நின்றுவிடலாம். அப்போது பேச்சு, சிரிப்பு, ஏசிக் காற்று, ஊதுபத்திப் புகை எதுவானாலும் இருமலைக் கிளப்பும். கோளாறு நரம்பில் இருப்பதால் வழக்கமான இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலும் பலிப்பதில்லை. இருமும்போது குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதிப் புண்படுவதால், அந்த இருமலே அடுத்த இருமலுக்கு வழிசெய்கிறது. அடிக்கடி செருமுவதும் அப்படித்தான். செருமலைப் பலரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே இருமலுக்குக் காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவர் மாற்றித் தருவார். மாற்றிய பின் இருமல் அடங்கச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஊதிப் பார்க்கும் பரிசோதனை சரியாக இருந்தும் ஆஸ்துமா ஒளிந்திருப்பதுண்டு. அதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ இல்லாதவர்கள் இருமலுக்காக மட்டும் மாதக்கணக்கில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை விழுங்குவது வீண்.

காபாபென்டினைப் பெரும்பாலும் இரவில் 100 அல்லது 300 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவோம். இருமல் ஆய்வில் நாளொன்றுக்கு 1800 வரை கொடுத்திருக்கிறார்கள். பலர் செய்யும் தவறு, இருமல் வரும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்வது. அதனால் பயன் இல்லை. தூக்கமும் தலைசுற்றலும் வரலாம். அது பழகும்வரை ஸ்கூட்டர் ஓட்டாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், முன்பே சொல்லிவிடுங்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. மாத்திரையை விட்டதும் இருமல் திரும்புவதுண்டு. அதனால்தான் கூடவே பயிற்சியும் வேண்டும் என்கிறோம்.

கரகரப்பு எழும் முதல் நொடியிலேயே வாயை மூடுங்கள். மோவாயைச் சற்றுத் தாழ்த்தி ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். தண்ணீர் இல்லையென்றால் எச்சிலையே அழுத்தி விழுங்குங்கள். பிறகு மூக்கால் மெதுவாக இழுத்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நீளமாக ஊதுங்கள். தோள் தளர்ந்திருக்கட்டும். நான்கைந்து முறை செய்தால் அலை பெரும்பாலும் கடந்துவிடும். வாயைத் திறந்து பெருமூச்சு இழுத்தால் வறண்ட காற்று நேரே குரல்வளையில் பட்டு இருமலைக் கூட்டும். இருமல் இல்லாத நேரத்திலும் தினமும் சில தடவை பழகினால்தான் அவசரத்துக்குக் கைகொடுக்கும். பேச்சுப் பயிற்சியாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்) இரண்டு முதல் நான்கு அமர்வுகளில் இதைச் சரியாகக் கற்றுத்தருவார்.

வகுப்பில் மூச்சு தீரும்வரை இழுத்துப் பேசாமல் சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். மிளகாய் தாளிக்கும்போது மூடியும் எக்ஸாஸ்ட் மின்விசிறியும் அவசியம். பனங்கற்கண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறி விழுங்க உதவும்; சர்க்கரை நோய் இருந்தால் வேண்டாம்.

மாத்திரையும் பயிற்சியும் போதவில்லையென்றால், கழுத்தின் பக்கவாட்டில் குரல்வளை நரம்பருகே மரப்பு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துப் போடும் ஊசி இருக்கிறது. அனுபவமுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர் புறநோயாளிப் பிரிவிலேயே போடுவார்.

இருமும்போது சிறுநீர் கசிகிறதா? நீங்கள் எழுதவில்லை, பெண்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் பயிற்சி உண்டு. இருமலில் ரத்தம், எடைக் குறைவு, மூச்சுத் திணறல், விழுங்கச் சிரமம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இவற்றில் ஒன்று வந்தாலும் நரம்புக் கோளாறுதானே என்று இருக்காமல் உடனே மறுபடி காட்டுங்கள்.