குறை சொல்லத் தெரிந்தவரிடம் மகளைச் சேருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் ஸ்டுடியோ போர்ட்ரெய்ட் எடுப்பதையே தொழிலாகக் கற்க விரும்புகிறாள் என்றும், உங்கள் ஊர் ஸ்டுடியோ உரிமையாளர் ஒருவர் அவள் எடுத்த படத்தைப் பார்த்து “இதெல்லாம் படமே இல்லை” என்று சொன்ன நாளிலிருந்து அவள் கேமராவைத் தொடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு சொல்லுக்கே சுருண்டுவிடுகிறவள் இந்தத் தொழிலில் எப்படி நிலைப்பாள் என்பது உங்கள் கவலை. அவள் மனம் வாடியதில் தவறே இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியத்தில் அவள் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வீட்டில் நீங்கள் எல்லோரும் சொன்ன “ரொம்ப நன்றாக இருக்கிறது” என்பதிலும் எதுவும் இல்லை. இரண்டையும் கேட்டுவிட்டு மறுநாள் விளக்கை எங்கே நகர்த்துவது என்று அவளுக்குத் தெரியாது.

கடிதத்துடன் நீங்கள் அனுப்பிய, அவள் தன் பாட்டியை எடுத்த படத்தை நெடுநேரம் பார்த்தேன். பாட்டியின் உதட்டோரத்தில் தொடங்கவிருக்கும் சிரிப்பைச் சரியான நொடியில் பிடித்திருக்கிறாள். அது சொல்லிக்கொடுத்து வருவதில்லை. ஆனால் கண்கள் இரண்டும் குழிக்குள் இருண்டு கிடக்கின்றன. விளக்கு தலைக்கு மேலே மிக உயரத்தில் இருந்ததால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்துவிட்டது; கருவிழியில் இருக்க வேண்டிய சிறிய ஒளிப்புள்ளி வரவில்லை, அது இல்லாத முகம் சோர்ந்து தெரியும். விளக்கை ஓரடி இறக்கச் சொல்லலாம். இறக்கினால் பாட்டியின் மூக்குக் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் வெள்ளையாக அடிக்கும். அப்போது விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், அல்லது கண்ணாடியின் காதுப் பகுதியைச் சற்றே தூக்கி வைத்து வில்லைகள் கீழ்நோக்கிச் சாயும்படி செய்ய வேண்டும். பாட்டியின் வெள்ளைப் புடவை வெளிச்சத்தில் வெந்து நெசவே தெரியாமல் போயிருக்கிறது. ஒளியை மென்மையாக்க விளக்கின் முன் மாட்டும் மென்பெட்டியின் (சாஃப்ட்பாக்ஸ்) கீழ்ப்பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மறைத்திருந்தால் முகத்துக்கு ஒளி அதிகம் குறையாமல் புடவை அடங்கியிருக்கும். படத்தின் ஓரத்தில் விரல்கள் கணுவில் வெட்டுப்பட்டிருக்கின்றன. கையை முழுவதும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் முழுவதும் வெளியே விட்டுவிட வேண்டும்.

இதைத்தான் விமரிசனம் என்று சொல்கிறேன், அம்மா. இதில் உங்கள் மகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. படத்தைப் பற்றியும், நாளைக்கு அவள் கை செய்ய வேண்டியதைப் பற்றியும் மட்டுமே இருக்கிறது. எங்கே படிக்கலாம் என்ற உங்கள் கேள்விக்கு என் விடையும் இதிலிருந்தே தொடங்குகிறது: எந்தக் கல்லூரி என்று பார்ப்பதற்கு முன், அவள் படத்தை இப்படிப் பார்த்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார் என்று பாருங்கள்.

தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் 3 ஆண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதில் ஒளிப்படம் ஒரு பகுதியே என்றாலும், பட்டமும் கையில் இருக்கட்டும் என்று நினைக்கும் உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பொருந்தும். ஒளிப்படத்தை மட்டுமே முழுநேரமாகக் கற்க உதகையில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தையும் கேட்டிருந்தீர்கள். அங்கே இருப்பது திரைப்பட ஒளிப்பதிவு, இயக்கம் போன்ற படிப்புகள், உங்கள் மகள் கேட்பது அதுவல்ல. எந்த இடத்துக்குப் போனாலும் அலுவலக அறையில் கட்டணம் விசாரிப்பதோடு திரும்பிவிடாமல், மாணவர்களின் படங்களை வாரந்தோறும் சுவரில் மாட்டி ஒவ்வொன்றாகப் பேசும் வகுப்பு உண்டா, அதில் ஆசிரியர் மட்டும் பேசுவாரா, குறை கண்ட படத்தை மீண்டும் எடுக்க ஸ்டுடியோவில் நேரம் ஒதுக்குவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. திரும்ப எடுக்க வாய்ப்பில்லாத இடத்தில் எவ்வளவு நுட்பமாகக் குறை சொன்னாலும் அது காற்றோடு போய்விடும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று நீங்கள் கேட்டதற்கு ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டை எடுத்துவிட்டு, அவர் முறைத்த அந்த நொடியைப் படமாக்கிய யூசுப் கார்ஷ், துருக்கியின் மார்டின் நகரில் பிறந்த ஆர்மீனியர். கனடாவில் ஸ்டுடியோ வைத்திருந்த அவருடைய மாமா, பாஸ்டனில் இருந்த ஜான் காரோ என்ற போர்ட்ரெய்ட் கலைஞரிடம் தொழில் கற்க அவரை அனுப்பிவைத்தார். 6 மாதம் என்று போனவர் ஏறத்தாழ 3 ஆண்டுகள் இருந்தார். காரோ இயற்கை ஒளியில் எடுப்பவர். கார்ஷோ ஒட்டாவாவுக்கு வந்த பிறகு நாடக மேடையின் விளக்குகளைப் பார்த்துச் செயற்கை ஒளியைக் கையாளக் கற்றுக்கொண்டார். ஆசிரியரிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டவர், கருவியை வேறிடத்தில் கற்றார். ஆகவே 3 மாதச் சான்றிதழ் வகுப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படிப்போடு சேர்த்து, விடுமுறை நாட்களில் பொறுமையான ஒரு ஸ்டுடியோக்காரரிடம் உதவியாளராக இருக்கவும் வழி செய்யுங்கள்.

விலையுயர்ந்த கேமரா இப்போது வேண்டாம். கையில் இருப்பதே போதும். ஒரு ஃபிளாஷ், அதன் ஒளியை மென்மையாக்க ஒரு வெள்ளைக் குடை, நிழல் பக்கத்தில் ஒளியைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் அட்டை, அளவெடுக்க ஒரு டேப், ஒரு நோட்டுப் புத்தகம், இவை இருந்தால் முதல் ஆண்டு முழுவதும் கற்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் விளக்கு எத்தனை அடி தூரத்தில், எவ்வளவு உயரத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்று சிறிய வரைபடமாகக் குறித்துவைக்க வேண்டும். 4 அடியில் இருந்த விளக்கை 8 அடிக்குத் தள்ளினால் முகத்தில் விழும் ஒளி பாதியாகாது, கால் பங்காகிவிடும்; நிழலின் ஓரமும் கடுமையாகும். இதைக் காதால் கேட்பதைவிடத் தன் குறிப்பையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் மனத்தில் பதியும். குறிப்பு இல்லாமல் விமரிசனத்துக்குப் போகிறவருக்குப் பிழையைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

படத்தைக் காட்டும்போது “எப்படி இருக்கிறது?” என்று கேட்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். “பாட்டியின் முகம் மென்மையாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன், அது வந்திருக்கிறதா, எது தடுக்கிறது?” என்று கேட்டால், எதிரில் இருப்பவரும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நன்றாக வந்ததை மட்டும் கொண்டுபோகாமல் சரியாக வராத இரண்டையும், திருத்தம் செய்யாத மூலக் கோப்பையும் காட்டட்டும். சொல்லும்போது இடையில் விளக்கம் தராமல் எழுதிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்து, இது பிழையா, சொன்னவரின் ரசனையா என்று பிரித்துப் பார்க்கட்டும். பின்னணி நீலமாக இருந்திருக்கலாம் என்பது ரசனை. கண்ணில் ஃபோகஸ் இல்லை என்பது பிழை. ஒப்பனைக் கலைஞரிடமும், ஆல்பம் வடிவமைப்பவரிடமும், படத்தில் இருப்பவரிடமும்கூடக் கேட்கலாம். நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பை ஒளிப்படக் கலைஞருக்கு முன்பே ஒப்பனைக்காரர் கண்டுகொள்வார்.

ஒன்றை மட்டும் அவள் ஏற்கவே வேண்டாம். “ஆள் கறுப்பாகத் தெரிகிறார், வெளுப்பாக்கு” என்று சொல்கிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. அது விமரிசனம் அல்ல. கோடாக் நிறுவனம் ஒளிப்படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய வண்ணச் சரிபார்ப்பு அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைத்தோல் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. நம் நிறத்தைச் சரியாகப் பதிய வைக்கும் திறமை அதனாலேயே இங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது. கருத்த தோலில் ஒளி வழுக்கிச் செல்லும் விதம் மிக அழகானது. பெரிய, மென்மையான ஒளியைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்துக் கன்னத்தின் மினுமினுப்பை எழுப்பக் கற்றுக்கொண்டால், நிறத்தை அழிக்காமலே முகம் துலங்கும்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பாஸ்போர்ட் அளவுப் படத்தை மட்டும் நம்பிய ஸ்டுடியோக்கள் தளர்ந்துவிட்டன. திருமண வேலை, குழந்தைப் படங்கள், நிறுவன ஊழியர்களின் படங்கள், நடிக்க வருபவர்களின் போர்ட்ஃபோலியோ எனப்படும் படத் தொகுப்பு ஆகியவற்றில் பிழைப்பு இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு வாடிக்கையாளரும் குறை சொல்வார், அதுவும் தெளிவில்லாமல் சொல்வார். “என்னமோ மாதிரி இருக்கிறது” என்பதற்குள் இருக்கும் உண்மையான குறையைக் கேட்டுக் கண்டுபிடிப்பவரிடம்தான் அவர்கள் திரும்ப வருவார்கள்.

இந்த வாரமே அவள் அதே பாட்டியை, அதே நாற்காலியில், அதே புடவையில் மீண்டும் எடுக்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த வேண்டாம்: முதலில் விளக்கின் உயரம், அடுத்த நாள் கண்ணாடியின் பிம்பம், அதற்கடுத்த நாள் புடவை. பாட்டிக்குக் கண் கூசினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடட்டும். பழைய படத்தையும் புதிய படங்களையும், நோட்டில் வரைந்த பக்கங்களையும் சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து அவளுக்கே எழுதுகிறேன்.