படத்தின் ஆண்டு வேறு, தாளின் ஆண்டு வேறு

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். வன்னியின் பழைய தியேட்டர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் பெரியப்பா எழுபதுகளில் இங்கே ஒரு தியேட்டரில் ஒப்பரேட்டராக இருந்தவர். அவர் சேர்த்து வைத்த சினிமா போஸ்டர்கள் வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒரு றங்குப் பெட்டிக்குள் கிடந்ததால் இடப்பெயர்வுகளில் தப்பிவிட்டன. முப்பதுக்கு மேல் இருக்கும். ‘நாடோடி மன்னன்’, ‘பாசமலர்’, நம்முடைய ‘வாடைக்காற்று’, ஒரு ஆங்கிலப் படம் எல்லாம் உண்டு. கொழும்பில் இருந்து வந்த ஒருவர் எல்லாம் ஒரிஜினல் என்று சொல்லி முழுக்கட்டுக்கும் விலை பேசினார். இன்னொருவர் எல்லாமே பிறகு அடித்தவை, பெறுமதி இல்லை என்கிறார். எது அசல், எந்த ஆண்டுக்குரியது என்று எப்படி அறிவது? சிலவற்றின் கீழே தியேட்டர் பெயர் அச்சடித்த துண்டு ஒட்டியிருக்கிறது. அதை உரித்துவிட்டு லமினேற் பண்ணினால் நல்ல விலை போகும் என்றும் சொல்கிறார்கள். செய்யலாமா?

வாசகர் ஒருவர், முள்ளியவளை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உரிக்க வேண்டாம். லமினேற் பண்ணவே வேண்டாம். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் எடுப்பது ஏறத்தாழ முடியாத காரியம். சேகரிப்பவர்கள் லமினேற் பண்ணிய போஸ்டரை அசலாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். துண்டுத் தாள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்களிடம் வந்த இருவரும் முப்பது தாள்களுக்கும் சேர்த்து ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொல்லவே முடியாது. ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனி வயது. ‘நாடோடி மன்னன்’ 1958இல் வந்த படம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் தாள் 1958இல் அச்சானதாக இருக்கலாம், எழுபதுகளில் படம் திரும்ப ஓடியபோது அடித்ததாக இருக்கலாம், சுவரில் மாட்டுவதற்காக அண்மையில் பிரதி எடுத்ததாகவும் இருக்கலாம். எம்.ஜி.ஆர், சிவாஜி படங்கள் எத்தனை தரம் திரும்பத் திரும்பத் தியேட்டருக்கு வந்தன என்பது உங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும். மறுவெளியீட்டுக்கு அடித்த போஸ்டர் போலி இல்லை. அதுவும் தியேட்டருக்காகவே அச்சான அசல்தான், ஆண்டு மட்டும் வேறு. முதல் வெளியீட்டுத் தாள் என்று சொல்லி அதை விற்றால்தான் ஏமாற்று. மூன்றாவது வகைக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுக்கமாட்டார்.

ஆண்டைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி, நடிகர் பெயருக்கு முன்னால் உள்ள பட்டத்தைப் பார்ப்பது. ‘நாடோடி மன்னன்’ போஸ்டரில் “புரட்சி நடிகர்” என்றிருந்தால் பழைய தாளாக இருக்க வாய்ப்பு உண்டு. “புரட்சித் தலைவர்” என்றிருந்தால் அது 1972க்கு முந்தியது இல்லை. அ.தி.மு.க. தொடங்கிய பிறகு வந்த பட்டம் அது. “பாரத ரத்னா” என்றிருந்தால் 1988க்கு முந்தியது இல்லை, எம்.ஜி.ஆர் மறைந்த பிறகுதான் அந்த விருது கொடுத்தார்கள். ‘பாசமலர்’ 1961இல் வந்தது. சிவாஜிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது 1966இல், செவாலியே விருது 1995இல். ஆகவே “பத்மஸ்ரீ” போட்ட பாசமலர் போஸ்டரை முதல் வெளியீட்டுத் தாள் என்று யாரும் உங்களிடம் சாதிக்க முடியாது.

அடுத்தது அடி விளிம்பு. போஸ்டரின் கீழே எறும்பெழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். இந்தியாவில் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சடித்தவர் பெயரையும் இடத்தையும் போட்டே ஆக வேண்டியிருந்தது. அங்கே “சென்னை-2”, “மெட்ராஸ்-5” என்று ஒற்றை இலக்கமோ இரட்டை இலக்கமோ இருந்தால் அது பழைய அஞ்சல் வட்டார எண். “சென்னை-600 002” என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன் அச்சாகியிருக்க வழியே இல்லை, அன்றுதான் இந்தியாவில் பின்கோடு நடைமுறைக்கு வந்தது. சிவகாசி முகவரிக்கும் இதே கணக்குத்தான். இந்த ஒரு வரிக்காகவே சொல்கிறேன், விளிம்பைக் கத்தரித்து அழகாக்க வேண்டாம். கத்தரித்தால் தாளின் பிறப்புச் சான்றிதழே போய்விடும்.

எழுத்தும் சொல்லும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் லை, ளை, ணை, னை என்ற நான்கும் மேலே துதிக்கை வளைந்த வடிவில் இருந்தன. ணா, றா, னா முதலியவற்றின் காலும் தனியாக நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருந்தது. நீங்கள் சொன்ன மூன்று தமிழ்ப் படங்களின் தலைப்பிலும் இந்த எழுத்துகள் ஒன்றுகூட இல்லை. ஆகவே தலைப்பை விட்டுவிட்டுச் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். “கலை”, “துணை இயக்கம்”, “மாலை 6.30”, அச்சக வரியில் உள்ள “சென்னை”, இவையெல்லாம் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. புதிய வடிவம் இருந்தால் தாள் 1978க்கு முந்தியது இல்லை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பழைய வடிவம் இருப்பதால் மட்டும் 1978க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. கையால் எழுதிப் பழகிய ஓவியர் பழக்கத்தை விடமாட்டார், ஈய எழுத்துப் பெட்டியை எந்த அச்சகமும் ஒரே நாளில் மாற்றிவிடாது. பட்டம், பின்கோடு, எழுத்து எல்லாமே “இதற்கு முன் இல்லை” என்ற எல்லையைத்தான் தரும். எவ்வளவு பிந்தியது என்பதைத் தாளிடமும் மையிடமும் கேட்க வேண்டும்.

அதற்கு ஒரு பத்து மடங்கு பூதக்கண்ணாடி போதும். மணிக்கூடு திருத்துபவரிடம் இரவல் வாங்கலாம். கல்லச்சு முறையில் அடித்த பழைய போஸ்டரில் ஒவ்வொரு நிறத்தையும் ஓவியர் கையால் தனித்தனியாக வரைந்திருப்பார். கண்ணாடி வழியே பார்த்தால் சோக்கட்டி இழுத்தது போன்ற சொரசொரப்பான தீற்றல் தெரியும், ஒழுங்கான புள்ளிகள் இருக்காது. ஓப்செற்றில் நாலு நிறப் புள்ளிகள் சின்னச் சின்ன வட்டங்களாகக் கூடியிருக்கும். புள்ளி இருந்தாலே போலி என்று பயப்பட வேண்டாம், பிந்திய அசல் போஸ்டர்கள் எத்தனையோ ஓப்செற்றில் அச்சானவை. சந்தேகப்பட வேண்டியது, கையால் வரைந்த தீற்றலே புள்ளிகளால் ஆகியிருந்தால். அது பழைய தாளைப் படம் பிடித்துத் திரும்ப அடித்தது. கணினிப் பிரின்டரில் எடுத்தது என்றால் மை சிதறித் தெளித்த மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும்.

அப்புறம் மடிப்பு. மடிப்புக்கோடும் கிழிசலும் கண்ணுக்குத் தெரிகின்றன, விரலால் தடவினால் தாள் வழுவழுப்பாக இருக்கிறது என்றால் அந்த மடிப்பே அச்சடித்த மடிப்பு. வேறு விசாரணை தேவையில்லை. அளவையும் எடுங்கள். இந்தியப் போஸ்டரின் வழக்கமான அளவு 30க்கு 40 அங்குலம், பெரியவை இரண்டு, மூன்று தாள்களைச் சேர்த்து ஒட்டுபவை. 12க்கு 18, 13க்கு 19 அங்குலம் எல்லாம் இன்றைய டிஜிற்றல் அச்சுத் தாளின் அளவுகள். மலிவான பழைய தாள் விளிம்பில் இருந்து உள்ளே நோக்கிப் பழுக்கும். தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பழசாக்கியது எல்லா இடமும் ஒரே நிறத்தில் இருக்கும். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா ரோச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். 1958 என்று சொல்லும் தாள் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்த்த பிந்திய தாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆங்கிலப் படத்துக்கு வழி சுலபம். அமெரிக்கப் போஸ்டர் என்றால் 27க்கு 41 அங்குலம் இருக்கும். 1940 முதல் எண்பதுகள் வரை பெரும்பாலானவற்றை நேஷனல் ஸ்க்ரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் விநியோகித்தது. வலப்பக்க அடியில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பெரும்பாலும் ஒரு சாய்கோடு, பிறகு படத்தின் எண் இருக்கும். முன்னால் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மறுவெளியீடு. அகலவாக்கில் 40க்கு 30 என்றால் அது பிரித்தானிய அளவு.

இனி அந்தத் துண்டுத் தாள். மதராஸில் அச்சான போஸ்டர் மதராஸிலும் மதுரையிலும் மலேயாவிலும் ஒன்றுதான். அது வன்னிக்கு வந்தது, இன்ன தியேட்டரில் இன்ன திகதி ஓடியது என்பதற்குச் சாட்சி அந்தத் துண்டு மட்டும்தான். இந்தியாவில் வெளியான பல படங்கள் இங்கே சில வருடங்கள் பிந்தித்தான் வந்தன. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இறக்குமதியே அதன் கைக்குப் போனது. ஆகவே படம் எப்போது வந்தது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு எங்கள் சனம் அதை எப்போது பார்த்தது என்று சொல்ல முடியாது. துண்டில் ஆண்டு இல்லாவிட்டாலும் கிழமையும் திகதியும் இருந்தால் பழைய நாட்காட்டியோடு ஒப்பிட்டு எந்தெந்த ஆண்டுகளாக இருக்கலாம் என்று பிடிக்கலாம். “கிளிநொச்சி மாவட்டம்” என்றிருந்தால் 1984க்கு முந்தியது இல்லை, அதுவரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. 1990இல் போர் மீண்டும் தொடங்கிய பின் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்சாரமே இல்லை. ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வைத்துத்தான் படம் பார்த்தோம். ஆகவே தொண்ணூறுகளின் இந்தியப் படப் போஸ்டரில் வன்னித் தியேட்டரின் துண்டு ஒட்டியிருந்தால் ஒட்டியது யார் என்று கேட்க வேண்டும்.

எத்தனை வீட்டுக் கூரையும் ஆவணமும் புத்தகமும் போன மண் இது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலருக்குக் குடும்பப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்த மண்ணின் தியேட்டர் பெயரைச் சுமந்த ஒரு சாண் தாளை, போஸ்டர் துப்புரவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக உரிப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

உங்கள் கட்டில் எனக்கு மிகவும் பெரிதாகத் தெரிவது ‘வாடைக்காற்று’தான். செங்கை ஆழியானின் நாவலில் இருந்து 1978இல் எடுத்த படம். ஈழத்துத் தமிழ்ப் படங்கள் மொத்தத்தில் மிகக் கொஞ்சம். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது படச்சுருள்கள் பல அழிந்துபோயின. இந்தியப் படங்களைப் போலத் திரும்பத் திரும்ப வெளியிட்டு, அதற்கெனப் புதிதாகப் போஸ்டர் அடித்த கதை இவற்றுக்கு இல்லை. ஆகவே தாளும் மையும் சரியாக இருந்தால் அது முதல் வெளியீட்டுத் தாள் என்று நம்பலாம். கொழும்புக்காரர் ‘நாடோடி மன்ன’னுக்குத்தான் கூடுதலாகக் காசு சொல்லியிருப்பார். சந்தையில் அது நியாயம்தான். ஆனால் ‘நாடோடி மன்னன்’ போஸ்டரைத் தேடினால் இன்னொன்று கிடைக்கும். ‘வாடைக்காற்’றை விற்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, தாள்களை ஒவ்வொன்றாக விரித்து, நிழல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், அடி விளிம்பு என்று போனில் படம் எடுங்கள். செலோரேப் ஒட்ட வேண்டாம், அதன் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். துடைக்கவும் வேண்டாம். பழைய பருத்தித் துணியை இடையில் வைத்துப் பெட்டியில் மட்டமாக அடுக்குங்கள், பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயர்த்தி வையுங்கள், கறையானுக்கு ஒரு இரவு போதும். முழுக்கட்டாக யாருக்கும் கொடுக்க வேண்டாம். விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் விற்பதற்கு முன் துண்டுத் தாள் உள்ளவற்றையும் ஈழத்துப் படங்களையும் நூலகம் நிறுவனத்தாரிடம் காட்டி மின்வடிவம் எடுத்துவைக்க முடியுமா என்று கேளுங்கள். 2005இல் இருந்து ஈழத்து ஆவணங்களை அவர்கள் அப்படித்தான் காத்து வருகிறார்கள்.

பெரியப்பா இருக்கிறார் என்றால் அவர் பக்கத்தில் இருந்து, எந்தப் போஸ்டர் எந்தத் தியேட்டரில் எந்தக் காலத்தில் ஒட்டியது என்று அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தாளின் பின்னால் பேனையால் எழுத வேண்டாம், தனிக் கொப்பியில் எழுதுங்கள். ‘நாடோடி மன்னன்’, ‘பாசமலர்’ இரண்டின் அடி விளிம்புப் படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.