லண்டனில் முடிவெட்ட இரண்டாயிரம் ரூபாயா?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே முடிவெட்ட 20 பவுண்ட் கேட்கிறார்கள். நம் பணத்தில் இரண்டாயிரத்துக்கு மேல்! மதுரையில் 150 ரூபாய்தான். ஆனால் கைபேசி விலையில் அவ்வளவு வித்தியாசம் இல்லையே? சம்பளம் அதிகம் என்பதால்தான் இந்த விலையா? ஊருக்கு எதை வாங்கி வரலாம்?
– மதுரை வாசகி

பதில்: கைபேசி கப்பலிலும் விமானத்திலும் ஏறி எங்கும் போகும். எங்கே விற்றாலும் அதை உருவாக்கிய செலவு ஒன்றுதான். வரியும் கடைக்காரர் லாபமும்தான் மாறும். முடிவெட்டுவதை அப்படி ஏற்றுமதி செய்ய முடியாது. லண்டன் தலைக்கு லண்டனில் வாழ்பவர்தான் கத்தரி பிடிக்க வேண்டும். அவர் அங்கே வீட்டு வாடகை கொடுக்க வேண்டும். மதுரைக்காரரைவிட அவர் வேகமாக வெட்டுவதில்லை. ஆனால் வருமானம் குறைந்தால் கிடங்கு வேலைக்கோ பஸ் ஓட்டவோ போய்விடுவார். அங்கே 21 வயது நிரம்பிய தொழிலாளிக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது.

ரூபாயில் மாற்றிப் பார்ப்பதால்தான் உங்களுக்குத் திகைப்பு. உழைப்பு நேரத்தில் கணக்கிடுங்கள். அந்தக் குறைந்தபட்சக் கூலி வாங்குபவருக்கு 20 பவுண்ட் என்பது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேர உழைப்பு. மதுரையில் எட்டு மணி நேரத்துக்கு 700 ரூபாய் கூலி வாங்குபவருக்கு 150 ரூபாயும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்!

அதற்காக, கூலி உயர்ந்த அளவுக்கு விலையும் உயரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 12.21 பவுண்ட், முந்தைய ஆண்டு 11.44 ஆக இருந்தது, உயர்வு 6.7 சதவீதம். ஓர் உணவகத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்கு சம்பளம் என்றால், இதனால் கூடும் செலவு இரண்டு சதவீதத்தைச் சற்றே தாண்டும். விலை அதைவிடக் கூடினால், மீதி உயர்வுக்கு வாடகை, மின்சாரம், மூலப்பொருள் என்று வேறு காரணம் இருக்க வேண்டும். எல்லாப் பழியையும் தொழிலாளியின் தலையில் போடுவது அநியாயம்.

இனி உங்கள் பை. பிரிட்டனில் பெரும்பாலான பொருள்களின் விலையில் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் விமான நிலையத்தில் அதைத் திரும்பப் பெறும் வசதி இங்கிலாந்தில் 2021 முதல் இல்லை. கிடைக்கும் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். குழந்தைகளின் ஆடைகளுக்கும் அச்சுப் புத்தகங்களுக்கும் அந்த வரி கிடையாது. பேரப்பிள்ளைகளுக்கு அவற்றை வாங்கலாம். உடையின் உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் புரட்டிப் பாருங்கள், திருப்பூரில் தைத்ததாகவே இருக்கலாம். கைபேசி வாங்குவதானால் அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல்லுக்கு உறை போடுவது, துணி தைப்பது போன்ற கைவேலைகளை மதுரைக்குத் திரும்பி வந்து செய்துகொள்ளுங்கள். மகன் விடுமுறைக்கு வரும்போது அவருக்கும் அதையே சொல்லுங்கள்.