மைக்ரோசாஃப்டில் இருந்த ஸ்டாக் ரேங்கிங் என்றால் என்ன? ஊழியர்கள் அதை ஏன் வெறுத்தார்கள்?

ஒரு டீமில் இருப்பவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு, இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த மதிப்பீடு, இத்தனை பேருக்குக் கட்டாயம் குறைந்த மதிப்பீடு என்று முன்கூட்டியே பங்கு பிரித்துவிடும் முறை இது. போனஸ், பதவி உயர்வு எல்லாம் அதை வைத்துத்தான்.

மேனேஜர்கள் முகதாட்சண்யத்துக்காக எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிடக் கூடாது என்பதுதான் இதன் பின்னிருந்த எண்ணம். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில், அதன் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் இதைப் பிரபலமாக்கினார்.

வகுப்பில் எல்லோருமே 90க்கு மேல் எடுத்தாலும் ஒருவரை ஃபெயில் ஆக்கியே தீரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யார் யாருக்கு நோட்ஸ் கொடுப்பார்கள்? முன்னாள் ஊழியர்கள் பலர் சொன்னதும் இதைத்தான். கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரர் இருக்கும் டீமுக்குப் போகவே தயங்கினார்கள். மேனேஜர்கள் கூடி உட்கார்ந்து ரேங்க் பேசும்போது உங்கள் பெயர் மற்ற மேனேஜர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் வேலையைவிட முகம் காட்டுவது முக்கியமாகிப் போனது. என்னைக் கேட்டால், நல்ல மனிதர்களையும் கெடுத்துவிடும் ஏற்பாடு இது.

2013 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிட்டது. அதோடு மதிப்பீடே ஒழிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். போனது கட்டாயப் பங்கீடுதான், ஊழியரின் வேலையை மேனேஜர் எடைபோட்டு போனஸ் முடிவு செய்வது தொடர்ந்தது.