விதியும் கறிக்கூறும்

போன இதழில் பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவைப் பற்றி நாலு வரி எழுதியதற்கு, இந்த முறை கேள்வியெல்லாம் பழைய கிரேக்கத்தைப் பற்றியே வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம்தான்.

கிரேக்கர்கள் பலி கொடுத்தால் எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கு எரித்துவிட்டு, கறியைத் தாங்களே சாப்பிட்டார்களாம். இது சாமியை ஏமாற்றுவது இல்லையா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

ஏமாற்றுத்தான். அவர்களே கதை கட்டி ஒப்புக்கொண்ட ஏமாற்று. கி.மு. 700 வாக்கில் இருந்த கவிஞர் ஹெசியோட் பாடியிருக்கிறார். தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் பங்கு பிரிக்கும்போது, மனிதர்கள் பக்கம் நின்ற புரொமீதியஸ் என்ற தேவன் ஒரு மாட்டை இரண்டு கூறாக வைத்தானாம். ஒன்றில் நல்ல கறி, மேலே இரைப்பையைப் போட்டு மூடியிருந்தது. இன்னொன்றில் வெறும் எலும்பு, மேலே பளபளவென்று கொழுப்பு. தேவர்களின் தலைவர் ஜீயஸ் எது வேண்டும் என்று கேட்டதற்குக் கொழுப்பைக் காட்டினார். அன்றிலிருந்து புகை மேலே, கறி கீழே. "சாமி வாசம் பிடிச்சுக்கிடும், திங்கது நாமதான்" என்று எங்கள் ஆச்சி சொல்வாள்.

பலி கோயிலுக்குள் நடக்காது. கோயில் என்பது சிலைக்கு வீடு. வெளியே வெட்டவெளியில்தான் பீடம். ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையை ஆட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் சுடலைமாடன் கோயில் திருவிழாவான கொடையில் மஞ்சத்தண்ணி ஊற்றிவிட்டு, ஆடு எப்போது சிலுப்பும் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வெட்டியபின் ஈரல், இதயம் முதலானவற்றைக் கம்பியில் சுட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் முதலில் தின்பார்கள். பூசாரிக்குப் பெரும்பாலும் தோலும் ஒரு காலும். மிச்சக் கறியைச் சரிசமமாகக் கூறு போடுவார்கள். விஷயமே இந்தக் கூறில்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். கொடை முடிந்த மறுநாள் காலையில் பெரியப்பாதான் ஓலைப்பாயை விரித்துக் கூறு போடுவார். தலைக்கட்டுக்கு ஒரு கூறு. ஒவ்வொன்றிலும் ஈரல் ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒரு துண்டு, கொழுப்பு கொஞ்சம் விழ வேண்டும். ஒரு வருஷம் அப்பா கொடைவரி கட்டவில்லை. எங்களுக்குக் கூறு வரவில்லை. ஆச்சி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. "கறிக்காம்மா அழுத? கடையில வாங்கித் தாரேன்" என்றார் அப்பா. "கடைக்கறிய எவன்ல கேட்டான்?" என்றாள் ஆச்சி.

கி.மு. 451-இல் ஏதென்ஸ் நகரத் தலைவர் பெரிக்ளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தாயும் தகப்பனும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்கு 'நகரத்தில் பங்கு' உண்டு. குடியுரிமையை அவர்கள் 'பங்கு' என்றே சொன்னார்கள். பிற ஊரிலிருந்து வந்து குடியேறிய ஆண் ஆண்டுக்கு 12 திராக்மா வரி கட்டினான். சண்டை வந்தால் படைக்கும் போனான். பங்கு மட்டும் கிடையாது. ஆச்சியிடம் இந்தச் சட்டத்தை விளக்கியே சொல்ல வேண்டியிருந்திருக்காது.

'மொய்ரா' என்பது நம் தலைவிதிதானே? ஜீயஸாலேயே அதை மாற்ற முடியாதாமே?
– வாசகர், தென்காசி

தலைவிதி தலையில் எழுதியது. மொய்ராவில் எழுத்தே இல்லை. அந்தச் சொல்லுக்கு முதல் பொருள் கூறு, பங்கு. விருந்தில் ஒருவன் முன்னால் வைத்த கறிக்கும் அதுதான் சொல், அவனுக்கு விழுந்த ஆயுளுக்கும் அதுதான். 'தலைவிதி'யை விட நெருக்கமான சொல் பழந்தமிழில் இருக்கிறது: பால். பகுதி என்றும் பொருள், ஊழ் என்றும் பொருள். தொல்காப்பியத்தில் 'பால்வரை தெய்வம்' வருகிறதே, அந்தப் பால். ஆண்பால், பெண்பால் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததும் இதே பால்தான்.

ஜீயஸ் கதைக்கு வருகிறேன். ஹோமரின் போர்க் காவியமான இலியட்டின் 16-ஆம் பகுதியில் அவர் மகன் சார்பெடோன் சாகப்போகிறான். காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் யோசிக்கிறார். உங்களால் முடியாது என்று அவர் மனைவி ஹீரா சொல்லவில்லை. செய்யுங்கள், ஆனால் மற்ற தேவர்கள் ஒப்பமாட்டோம், அப்புறம் அவரவரும் தன் பிள்ளையைக் காப்பாற்றப் புறப்படுவார்கள் என்கிறாள். ஜீயஸ் இரத்த மழையைப் பெய்துவிட்டு மகனைச் சாக விட்டார். கூறு போடுகிறவன் தன் வீட்டுக்கு ஒரு துண்டு கூடப் போட்டால் என்ன ஆகும் என்று பெரியப்பாவுக்கும் தெரியும். எங்கள் பெரியம்மாவுக்கு அதில் கடைசிவரை வருத்தம்.

கொலைகாரனைக்கூடக் கும்பிட்டார்களாமே?
– வாசகர், நாங்குநேரி

கும்பிட்டார்கள். கிளியோமெதீஸ் என்று ஒரு குத்துச்சண்டைக்காரன், அஸ்டிபாலேயா தீவுக்காரன். ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றுவிட்டான், பரிசைப் பறித்துவிட்டார்கள். புத்தி பேதலித்து ஊருக்குத் திரும்பியவன் பள்ளிக்கூடத் தூணைப் பிடுங்க, கூரை விழுந்து சுமார் 60 பிள்ளைகள் செத்தார்கள். ஊர் கல்லெடுத்துத் துரத்தியது. அத்தீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். உடைத்துப் பார்த்தால் ஆளில்லை. குறி சொல்லும் அப்போலோ கோயில் இருந்த டெல்ஃபியில் குறி கேட்டார்கள். அவன் இனி மனிதன் இல்லை, பலி கொடுத்துக் கும்பிடுங்கள் என்று வந்தது. ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பழைய கிரேக்கப் பயணி பௌசானியஸ் எழுதிவைத்திருக்கிறார்.

'ஹீரோ' என்றால் அங்கே நல்லவன் என்று அர்த்தமில்லை. செத்தும் அடங்காதவன், கவனிக்காவிட்டால் கெடுதல் செய்யக்கூடியவன். வாதைக்கும் மாடனுக்கும் படைக்கிற நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

'ஹூப்ரிஸ்' என்றால் தலைக்கனம்தானே?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் ஏதென்ஸில் அது வழக்குப் போடக்கூடிய குற்றம். தனக்கு ஒரு லாபமும் இல்லாமல், அடுத்தவனைக் கேவலப்படுத்துகிற சுகத்துக்காகவே செய்வது என்கிறார் அரிஸ்டாட்டில். திருவிழாவின்போது நாடக அரங்கில் எல்லோர் முன்னிலையிலும் பேச்சாளர் டெமோஸ்தனிஸை மெய்டியஸ் என்ற பணக்காரன் குத்திவிட்டான். வழக்குக்காக எழுதிய உரையில் டெமோஸ்தனிஸ் அடியைவிட அடித்தவன் நின்ற நிலை, பார்த்த பார்வை, குரல் இவற்றைத்தான் பேசுகிறார். பட்டவனாலேயே அதில் சிலவற்றை அடுத்தவனிடம் எடுத்துச் சொல்ல முடியாது என்கிறார். நம் பக்கம் இதை எகத்தாளம் என்போம்.