வலிப்புக்குப் பிறகு தோள்வலி: எக்ஸ்ரே 'நார்மல்' என்றால் நம்பலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 52. பத்து நாளுக்கு முன் தூக்கத்தில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து வலது தோளில் கடும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, 'எலும்பு நன்றாக இருக்கிறது, சதைப்பிடிப்பு' என்று மாத்திரை கொடுத்தார்கள். இன்னும் சட்டை போட முடியவில்லை. பிசியோதெரபிக்குப் போகலாமா?

பதில்: அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். அப்பாவை உட்காரவைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, இரண்டு முன்கைகளையும் தானாகவே வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பிடித்துத் திருப்ப வேண்டாம். இடது கை எளிதாகப் போய், வலது கை மட்டும் வயிற்றோடு ஒட்டி எதிலோ முட்டியதுபோல் நின்றுவிட்டால், தோள்மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். பிரசாதம் வாங்குவதுபோல் கையை நீட்டச் சொன்னாலும் வலது உள்ளங்கை முழுதாக மேல்நோக்காது.

தோள் இறங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முன்பக்கம்தான். அதில் தோளின் உருண்டை வடிவம் போய்விடும், பார்த்ததும் தெரியும். பின்பக்க விலகல் நூற்றுக்கு இரண்டு முதல் நான்குதான். விபத்தில் அடிபடுவதைத் தவிர, வலிப்பும் மின்அதிர்ச்சியும் இதற்குப் பேர்போன காரணங்கள். கையை உட்பக்கம் திருப்பும் தசைகள் வெளிப்பக்கம் திருப்புபவற்றைவிட வலுவானவை. வலிப்பில் எல்லாம் ஒன்றாக இறுகும்போது வலுத்தது ஜெயித்து, மேற்கை எலும்பின் பந்துபோன்ற தலையைப் பின்னால் தள்ளிவிடுகிறது.

பம்புசெட்டில் ஷாக் அடித்த ஒருவர், நான்கு மாதம் 'தோள் இறுக்கம்' என்று பயிற்சி செய்துவிட்டு என்னிடம் வந்தார். மாத்திரை அட்டையை நீட்டினேன், புறங்கை மேலே இருக்கவே வாங்கினார். அதுதான் எனக்குத் துப்பு. அதற்குள் அறுவை தவிர வழியில்லாமல் போயிருந்தது. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

நேராக எடுத்த எக்ஸ்ரேயில் இது எளிதில் தப்பிவிடும். கைத்தடியின் பிடிபோல் தெரியவேண்டிய எலும்பின் தலை, குண்டு பல்புபோல் உருண்டையாகத் தெரியும். அவசரத்தில் அது கண்ணில் படாது. ஆகவே 'ஆக்ஸிலரி வியூ', அதாவது அக்குள் வழியாக எடுக்கும் எக்ஸ்ரே, எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கையைச் சற்று அகட்டினால் போதும். அதுவும் முடியாவிட்டால் சி.டி. ஸ்கேன்.

விலகல் உறுதியானால் மயக்கமருந்து கொடுத்து, கை இருக்கும் நிலையிலேயே மெதுவாக இழுத்து, பந்தைப் பின்னாலிருந்து முன்னே தள்ளி அமர்த்துவார்கள். முரட்டுத்தனமாக வெளியே திருப்பினால் எலும்பு முறியும். எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் இழுத்துக் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். பொதுவாக மூன்று வாரத்துக்குள் என்றால் அறுவையில்லாமல் சரிசெய்ய வாய்ப்புண்டு. பந்து உட்காரும் கிண்ணத்தின் விளிம்பு பட்டு, பந்தில் விழுந்த பள்ளம் அதில் கால் பங்கைத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை, பாதியைத் தாண்டினால் செயற்கை மூட்டுவரை யோசிப்பார்கள். அமர்த்திய பிறகு வழக்கமான தூளி சரிவராது. அது கையை மறுபடி வயிற்றுப்பக்கம் இழுக்கும். கை நேராகவோ சற்று வெளியே திரும்பியோ இருக்கும்படி நான்கு முதல் ஆறு வாரம் கட்டுவார்கள்.

இன்னும் அரிதானது கீழ்நோக்கிய விலகல். கை தலைக்குமேல் தூக்கியபடியே நின்றுவிடும், இறக்க முடியாது. ரத்தக்குழாயும் நரம்பும் நசுங்கக்கூடும் என்பதால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அப்பாவைப் பழைய எக்ஸ்ரேயோடு இன்றே எலும்புமூட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'வலிப்பு வந்தது' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இடது தோளையும் பார்க்கச் சொல்லுங்கள், வலிப்பில் இரண்டும் நழுவுவதுண்டு. வலிப்புக்கான காரணத்தை நரம்பியல் மருத்துவரிடம் பார்த்துவிடுங்கள். இன்னொரு வலிப்பு வந்தால், அமர்த்திய மூட்டு திரும்பவும் நழுவிவிடலாம்.