கிளைச் சிறையில் 70 நாள்

அன்புள்ள ஐயா,

புழலில் சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்கில் சென்ற மாதம் வண்டிக்குப் பெட்ரோல் போட்டேன். அங்கிருந்தவர் மீட்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பொறுமையாக நிரப்பினார். வீடு திரும்பும்வரை என் அக்கா மகனின் நினைவாகவே இருந்தது. டூவீலர் மெக்கானிக்கான அவன் திருவிழாத் தகராறு ஒன்றில் கைதாகி, 70 நாள் கிளைச் சிறையில் இருந்துவிட்டு நிபந்தனை ஜாமீனில் வந்திருக்கிறான். உள்ளே வேலையும் இல்லை, பயிற்சியும் இல்லை என்கிறான். பட்டறையில் அவன் இடத்துக்கு வேறொரு பையன் வந்துவிட்டான். சிறைத் தொழிற்பயிற்சி பற்றி நாம் படிக்கும் செய்திகளெல்லாம் யாருக்கானவை?

பெயர் வேண்டாம், விழுப்புரம்

அன்புள்ள நண்பருக்கு,

அவை பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்கானவை. வேலூர் மத்திய சிறையில் காவல்துறைக்குக் காலணி தைக்கிறார்கள். கோவையில் தறி ஓடுகிறது. காளையார்கோவிலுக்கு அருகே புரசடை உடைப்பு திறந்தவெளிச் சிறையில் வேளாண்மை நடக்கிறது. கடுங்காவல் தண்டனை பெற்றவர் உழைத்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்று குஜராத் அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. உங்கள் அக்கா மகனைப் போல வழக்கு முடியாமலே உள்ளே இருக்கும் விசாரணைக் கைதியையோ வேலை செய்யும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவருடைய பாதுகாப்புக்காக ஏற்பட்ட இந்த விதி, அவருக்கு எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை என்ற பொருளிலேயே நடைமுறையில் நிலைத்துவிட்டது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். ஆக, நான்கில் மூன்று பேரை விட்டுவிட்டுத்தான் நாம் சிறைத் தொழிற்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நூலகத்துக்குப் புத்தகம் கொடுப்பதற்காக ஒரு கிளைச் சிறைக்குச் சென்றிருக்கிறேன். பகல் பதினொரு மணிக்குச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பழைய துண்டின் ஓரத்திலிருந்து நூலை உருவி, கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, மூன்று புரியாகப் பின்னிக்கொண்டிருந்தார். பின்னல் அவ்வளவு சீராக இருந்தது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். கட்டில் கயிறு பின்னுவதும் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவதும் தம் தொழில் என்றார். உள்ளே வந்த நாளிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை என்றும் சொன்னார். வழக்கு எண்ணும் அடுத்த வாய்தா தேதியும் மட்டுமே அங்கே அவரைப் பற்றித் தெரிந்திருந்தன.

கிளைச் சிறையில் ஓராண்டுப் படிப்பு நடத்துவது இயலாத காரியம். யார் எப்போது ஜாமீனில் போவார் என்பது யாருக்கும் தெரியாது. குற்றப்பத்திரிகை 60 அல்லது 90 நாளுக்குள் தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைத்துவிடும். அதனால்தான், புதிதாகக் கற்பிக்கத் தொடங்குவதற்கு முன்பு, வந்தவருக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்க வேண்டும் என்கிறேன். உங்கள் அக்கா மகனைப் போன்றோர் பலரும் தொழில் தெரிந்தவர்களே. அவர்களிடம் இல்லாதது அதற்கான தாள். 2015இல் தொடங்கிய, மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டமான பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. சில நாள் அறிமுகப் பயிற்சியும் ஒரு சோதனையும்தான். 70 நாளுக்குள் தாராளமாக முடியும்.

ஆனால் தொழிலைக் கேட்பது சாதியைக் கேட்பதாக ஆகிவிடக் கூடாது. சிறைக் கையேடுகள் பல, துப்புரவு வேலையை இன்ன சாதியாருக்கு, சமையலை இன்ன சாதியாருக்கு என்று எழுதியே வைத்திருந்தன. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்றது. அதுவரை அவை நீடித்தது எனக்குத் தீராத வெட்கம்.

சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்வேன். தண்டனைக் காலத்தில் இரண்டு ஆண்டு காலணி தைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மேல்தோல் தைப்பதில் அவர் கை அத்தனை சுத்தம். விடுதலையான பிறகு தோல் தொழிற்சாலை ஒன்றில் மாதிரிக்கு ஒரு ஜோடி தைத்துக் காட்டினார். மேற்பார்வையாளர் தையலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, இதற்கு முன் எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் செருப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது உங்கள் அக்கா மகனின் விஷயம். நிபந்தனை ஜாமீன் என்று எழுதியிருக்கிறீர்கள். தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பட்டறையில் வேலை சூடுபிடிப்பதும் அந்த நேரத்தில்தான். வேலைக்குச் சேரும் பையன் தினமும் பாதிக் காலையைத் தொலைத்தால் எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். நிபந்தனையைத் தளர்த்தவோ, நேரத்தை மாற்றவோ கேட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். வேலை தருகிறேன் என்று ஒரு பட்டறைக்காரரிடம் எழுதி வாங்கி மனுவோடு சேர்த்தால் வலுவாக இருக்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். இந்த வாரமே போய்வாருங்கள்.